குளிரில் வெடித்த கை ஆற: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

குளிர் வந்ததும் கை வெடித்துப்போகிறவர்கள் பலரிடம் ஏற்கெனவே மூன்று நான்கு கிரீம் இருக்கும். எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை என்பார்கள். எப்போது தடவுகிறீர்கள், அதற்கு முன்னால் என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, கை முழுதாகக் காய்ந்து இழுக்க ஆரம்பித்த பிறகு, வெளியே கிளம்பும் அவசரத்தில் கொஞ்சம் லோஷன். வாங்கிய பொருள் நல்லதாகவே இருக்கும், தடவிய நேரமும் அதற்கு முன் நடந்ததும்தான் தப்பு. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், முக்கியமாக மூன்றாவதை விட்டுவிட்டு நான்காவதுக்குத் தாவாதீர்கள்.

1. இது வெறும் வறட்சிதானா என்று முதலில் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் நீட்டி, முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். சாதாரண வறட்சி இரண்டு கையிலும் வரும். புறங்கை, விரல் முட்டி, விரல் நுனி இங்கெல்லாம்தான் அதிகம். தோல் இழுத்துப் பிடிக்கும், சொரசொரக்கும், கையை மூடினால் முட்டிமேல் மெல்லிய சிவப்புக் கோடுகள் தெரியும். இப்படித்தான் இருக்கிறது என்றால் சரி, அடுத்த படிக்குப் போகலாம்.

ஒரு உள்ளங்கை மட்டும் வறண்டு, ரேகைகளில் வெள்ளைச் செதில் படிந்து, கூடவே பாதத்திலும் தோல் உரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதன்மேல் வீட்டில் கிடக்கிற ஸ்டீராய்டு கிரீமைத் தடவினால் சிவப்பு அடங்கினாற்போல் காட்டும், தொற்று பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கும். விரல்களின் பக்கவாட்டில் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளமும் கடும் அரிப்பும் இருந்தால் எக்ஸிமாவாக இருக்கலாம். ஓரம் தெளிவாகத் தெரியும் தடித்த திட்டும் அதன்மேல் வெள்ளி நிறச் செதிலும் சொரியாசிஸாக இருக்கலாம். குளிர் பட்டதும் விரல் வெளுத்து, நீலமாகி, அப்புறம் சிவந்தால் அது ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்டது. இவை எதற்கும் கிரீம் மட்டும் போதாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வெடிப்பைச் சுற்றி வீக்கம், சூடு, சீழ், மணிக்கட்டை நோக்கி ஏறும் சிவப்புக் கோடு, காய்ச்சல் என்று எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஆழமான வெடிப்பை வைத்துக்கொண்டு நாள் கடத்தவே வேண்டாம்.

2. ஆரம்பிப்பதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை

பாதியில் ஒன்று இல்லாமல் போனால் அன்றைய இரவு வீணாகும், அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

கழுவுவதற்கு வாசனை சேர்க்காத, சோப்பு அல்லாத மென்மையான திரவம் ஒன்று. நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, பிஎச் அளவு 5 வாக்கில் இருக்கும். வழக்கமான சோப்புக் கட்டியின் பிஎச் 9, 10 என்று காரத்தன்மைப் பக்கம் போகும். ஒவ்வொரு தடவை கழுவியதும் தோல் தன் நிலைக்குத் திரும்ப நேரம் பிடிக்கிறது, அதற்குள் நாம் அடுத்த தடவை கழுவிவிடுகிறோம்.

பகலுக்கு ட்யூபில் வரும் கெட்டியான கிரீம், இரவுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி. பம்பை அமுக்கினால் வழிந்து வரும் லோஷனில் பெரும்பகுதி தண்ணீர்தான். தடவிய நேரத்துக்கு இதமாக இருக்கும், காய்ந்ததும் மிஞ்சுவது கொஞ்சம். வெடித்த கைக்கு அது காணாது. கிரீமின் சேர்மானப் பட்டியலில் கிளிசரின், செராமைடு, டைமெதிகோன் மாதிரிப் பெயர்கள் இருந்தால் நல்லது. வாசனைப் பொருள் வேண்டாம், வெடித்த தோல் வழியாக அது உள்ளே போய் ஒவ்வாமையைக் கிளப்பலாம். மேலே ‘மணமற்றது’ என்று போட்டிருந்தாலும் மணத்தை மறைப்பதற்கென்றே இன்னொரு வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம், ஆகவே பட்டியலில் பர்ஃபியூம், ஃபிராக்ரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம் தளர்வான பருத்திக் கையுறை இரண்டு ஜோடி, பாத்திரம் தேய்க்க நைட்ரைல் அல்லது வினைல் கையுறை, துணிப் பிளாஸ்திரி, நகம் தேய்க்கும் ஃபைல், சின்னக் கத்தரிக்கோல். இவ்வளவுதான்.

3. கழுவும் விதத்தை மாற்றுங்கள்

தடவுவதற்கு முன்னால் இதைச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது, அவற்றுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் நிரம்பியிருக்கின்றன. செங்கலுக்கு நடுவே சாந்து பூசியது போலத்தான். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே ஓடாமல் காப்பது இந்தக் கொழுப்புதான். சோப்புக்கு அழுக்கு எது, இது எது என்று தெரியாது, இரண்டையும் சேர்த்தே எடுக்கும். சூடான தண்ணீர் கொழுப்பை இளக்கி அந்த வேலையைச் சுலபமாக்கும். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது என்பதால் போனது தானாகத் திரும்பி வருவதும் கஷ்டம். நாள் முழுக்க இப்படி எடுத்துக்கொண்டே இருந்தால், எவ்வளவு நல்ல கிரீம் தடவியும் பயன் இல்லை.

கழுவும்போது முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள். அதன் அடியில் தங்கும் சோப்பு நாள் முழுக்கத் தோலை அரிக்கும். விரலடியில் மோதிர வடிவத்திலேயே சிவந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கிருமியைப் போக்குவது சூடு அல்ல, தேய்ப்பதும் அலசுவதும்தான். திரவத்தை உள்ளங்கையிலும் விரல் நுனிகளிலும் தேய்த்து 20 விநாடி கழுவுங்கள், விரலிடுக்கில் வழவழப்பு போகும்வரை அலசுங்கள். மென்மையான துண்டால் ஒற்றி எடுங்கள், அழுத்தித் துடைக்க வேண்டாம், லேசான ஈரம் மிச்சம் இருக்கட்டும். அந்த ஈரம் அடுத்த படிக்கு வேண்டும்.

கை வெடித்திருக்கிறது என்பதற்காகக் கழிவறைக்குப் போய்விட்டு வந்தோ சாப்பிடும் முன்போ கழுவாமல் இருக்கக் கூடாது. குறைக்க வேண்டியது பழக்கதோஷத்தில் கழுவுவதை. கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு இல்லாதபோது, கிளிசரின் கலந்த சானிடைசர் சோப்பைவிடத் தோலுக்குச் சாதுவானது. பலர் இதை நம்ப மாட்டார்கள், ஏனென்றால் வெடிப்பில் பட்டால் சுரீரென்று எரியும். திறந்த காயத்தில் ஆல்கஹால் படுவதால் வரும் எரிச்சல் அது, தோல் அதனால்தான் வறண்டது என்று அர்த்தமில்லை. வெடிப்பைப் பிளாஸ்திரியால் மூடிவிட்டுப் பயன்படுத்துங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு சானிடைசரும் தேய்க்கிற வழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள், இரண்டையும் சேர்த்துச் செய்வது தோலுக்கு இரட்டைத் தண்டனை.

4. ஈரம் போவதற்குள் தடவுங்கள்

கழுவி ஒற்றியதும் மூன்று நிமிடத்துக்குள் கிரீம் கையில் ஏறிவிட வேண்டும். பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை தோலுக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை, இருக்கிற தண்ணீரை ஓடவிடாமல் மூடுகின்றன. காய்ந்த கையில் தடவினால் வறட்சியின் மேல் மூடி போட்டதாகத்தான் ஆகும். கிளிசரின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஆனால் மேலே மூடி இல்லாவிட்டால் வறண்ட காற்று அதையும் கொண்டுபோய்விடும். அதனால்தான் இரண்டு குணமும் சேர்ந்த கெட்டி கிரீம் கேட்டேன்.

அளவு: ட்யூபிலிருந்து ஆள்காட்டி விரல் நுனியில் ஆரம்பித்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம், ஒரு கையின் முன்னும் பின்னும் தடவச் சரியாக இருக்கும். இரண்டு கைக்கு இரண்டு கோடு.

தடவும் விதத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் புதிதாகச் செய்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் தடுமாறும் இடம் இது. கிரீமை உள்ளங்கையில் எடுத்து இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்ப்பார்கள். அங்கேயே முக்கால்வாசி தீர்ந்துபோகும், வெடித்த புறங்கைக்கு வழித்தது மட்டும்தான் போய்ச் சேரும். அப்புறம் கை வழுக்குகிறது, வேலை செய்ய முடியவில்லை என்று அதையும் துடைத்துவிடுவார்கள். நீங்கள் கிரீமை ஒரு புறங்கையில் வைத்து, மறு புறங்கையை அதன்மேல் வைத்துத் தேயுங்கள். பிறகு கையை மூடி, முட்டியின் மேல் தோல் விரிந்திருக்கும்போது அந்தக் கோடுகளுக்குள் பெருவிரலால் அழுத்தித் தடவுங்கள், கை விரிந்திருக்கும்போது தடவினால் மடிப்பின் ஆழத்துக்குப் போகாது. அடுத்து ஒவ்வொரு நகத்தைச் சுற்றியும், கடைசியாக விரல் நுனி. உள்ளங்கைக்குத் தனியாக எடுக்க வேண்டியதில்லை, மிச்சமே போதும், வழுக்கவும் வழுக்காது.

ஒவ்வொரு தடவை கழுவியதும் இது நடக்க வேண்டும். கை கழுவும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு ட்யூப் வைத்துவிடுங்கள், வெளியே போகும் பையில் ஒன்று. இன்னொரு அறைக்குப் போய் எடுத்து வந்து தடவ வேண்டும் என்றால் மூன்று நிமிடம் தாண்டிவிடும், தாண்டினால் தடவவே தோன்றாது.

யூரியா, லாக்டிக் அமிலம் உள்ள கிரீம்களை வெடிப்பு மூடும்வரை தள்ளி வையுங்கள், எரியும். மூடியபின் தடித்த இடங்களுக்கு 5 முதல் 10 சதவீத யூரியா கிரீம் மிக நன்றாக வேலை செய்யும். எண்ணெய் தடவலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ஈரக்கையில் தடவினால் சில எண்ணெய்கள் உதவும், ஆனால் ஆலிவ் எண்ணெய் தோலின் அந்தக் கொழுப்பு அடுக்கைத் தளர்த்தக்கூடியது, அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

5. இரவு: ஊறவைத்து, பூசி, மூடுங்கள்

எட்டு மணி நேரம் கை கழுவப்படாமல், மடங்கி நிமிராமல் இருப்பது தூக்கத்தில் மட்டும்தான். அதனால் அதிகமாக ஆறுவதும் இரவில்தான்.

படுப்பதற்கு முன் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்திருங்கள். உப்பு, சோப்பு, கிருமிநாசினி எதுவும் போட வேண்டாம். ஒற்றிவிட்டு, உடனே பெட்ரோலியம் ஜெல்லியைப் பளபளப்பு தெரிகிற அளவுக்குப் பூசுங்கள். மேலே பருத்திக் கையுறை. கையுறை இல்லாவிட்டால் பாதி ஜெல்லி பத்து நிமிடத்தில் போர்வைக்குப் போய்விடும். ஊறவைத்துவிட்டுப் பூசாமல் படுத்தால் முன்பைவிட மோசமாகும், ஊறிய தோலிலிருந்து தண்ணீர் வேகமாக ஓடும்.

பிளாஸ்டிக் கையுறை போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம், இரவு முழுக்க வியர்வையில் ஊறித் தோல் வெளுத்து நைந்துபோகும், வெடிப்பு இன்னும் எளிதாகப் பிளக்கும். கையுறையோடு தூக்கம் வராதவர்கள் படுப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது போட்டிருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜெல்லி ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும், துவைத்தாலும் பிசுக்கு முழுதாகப் போகாது. அந்தக் கையுறையோடு அடுப்புப் பக்கம், சிகரெட் பக்கம், நெருப்பு தெரியும் ஹீட்டர் பக்கம் போகாதீர்கள்.

6. ஆழமான வெடிப்புக்குத் தனி வைத்தியம்

பெருவிரல் நுனியில், நகத்தின் ஓரமாக ஒரு கோடு ஆழமாகப் பிளந்து, பொத்தான் போடும்போதெல்லாம் உயிர் போகுமே, அதற்குக் கிரீம் மட்டும் போதாது. வெடிப்பின் இரண்டு கரையும் காய்ப்புக் காய்த்த மாதிரிக் கெட்டியாகியிருக்கும். விரல் மடங்கும்போது கெட்டித்தோல் நீளாது, பிளவுதான் விரியும். ஆறிய கொஞ்சமும் திரும்பக் கிழியும். அதனால் முதலில் கரையை மெலிதாக்க வேண்டும், அப்புறம் விரியாமல் பிடித்து வைக்க வேண்டும்.

இரவில் கையை ஊறவைக்கும்போது, தோல் இளகியதும் ஃபைலால் கரைகளை மட்டும் லேசாக, ஒரே திசையில் தேயுங்கள். பிளவுக்குள் படக் கூடாது, ரத்தம் கசிந்தால் அன்றைக்குத் தொடவே வேண்டாம். பிளேடால் சீவுவது, பல்லால் கடித்து இழுப்பது இரண்டும் வெடிப்பை ஆழமாக்கும். ஸ்க்ரப் தேய்ப்பதும் இந்த நிலையில் காயத்தில் மணலைத் தேய்ப்பதுதான். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவாதீர்கள், புதிதாக வளரும் செல்களையும் சேர்த்துக் கொல்லும். தண்ணீரும் மென்மையான திரவமும் போதும்.

பிறகு வெடிப்புக்குள் துளி பெட்ரோலியம் ஜெல்லி, மேலே பிளாஸ்திரி. ஆன்டிபயாட்டிக் களிம்பு தேவையில்லை, சீழ் இல்லாத வெடிப்பில் அது செய்வது ஒன்றுமில்லை, அவற்றில் சிலவற்றில் இருக்கும் நியோமைசின் என்ற மருந்துக்குப் பலருக்கு ஒவ்வாமை உண்டு.

விரல் நுனியில் பிளாஸ்திரி நிற்காது என்பார்கள், நிற்கும். பிளாஸ்திரியின் இரண்டு பக்க ஒட்டுப் பகுதியையும் நடுவில் உள்ள பஞ்சு வரை நீளவாக்கில் வெட்டுங்கள், நான்கு வால் கிடைக்கும். பஞ்சை நுனியில் வெடிப்பின் மேல் வைத்து, கீழ் வால்கள் இரண்டையும் விரலைச் சுற்றிக் குறுக்காக ஒட்டுங்கள், மேல் வால்கள் இரண்டையும் சாய்வாகக் கீழே இழுத்து அவற்றின் மேல் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தில் ஜெல்லிப் பிசுக்கு இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். நனைந்தால் உடனே மாற்றுங்கள், நனையாவிட்டாலும் தினம் ஒரு தடவை.

பகலில் வேலை ஓட வேண்டும் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் திரவ பேண்டேஜ் பயன்படுத்தலாம். வெடிப்பு சுத்தமாக, காய்ந்து, ரத்தமோ சீழோ இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு கரையையும் விரலால் நெருக்கிப் பிடித்து, மேலே மட்டும் மெலிதாகப் பூசி, காயும்வரை அசைக்காமல் இருங்கள். கரைகள் ஒட்டியே இருப்பதால் வலி அப்போதே குறையும். பொருள் ஒட்டும் சூப்பர் க்ளூவை இதற்கு மாற்றாகப் போடாதீர்கள். சில திரவ பேண்டேஜும் அதே குடும்பம்தான், ஆனால் சூப்பர் க்ளூ கெட்டியாகும்போது சூடு கிளப்பும், தோலை அரிக்கும், உடலுக்கென்று செய்யப்பட்டதும் அல்ல.

7. பகலில் கையைக் காப்பது

வெளியே போவதற்கு முன், வீட்டுக்குள்ளேயே கையுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த பிறகு போட்டால் குளிர்ந்த கையைத்தான் மூடுகிறீர்கள், அது சூடேற வெகுநேரம் ஆகும். கம்பளி நேரடியாகத் தோலில் உராய்ந்தால் குத்தும், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போடுங்கள். கழுவிய ஈரக்கையோடு குளிர்காற்றில் இறங்குவதைவிட மோசமானது இல்லை.

பாத்திரம் தேய்க்க, தரை துடைக்க, கிளீனிங் திரவம் தொட எல்லாவற்றுக்கும் நைட்ரைல் கையுறை, உள்ளே பருத்தி. வியர்த்ததும் கழற்றிவிடுங்கள், இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். ஓட்டை வழியாக உள்ளே தண்ணீர் புகுந்தால் அந்த நொடியே கழற்றுங்கள், சோப்புத்தண்ணீரை உள்ளே அடைத்து வைத்துக்கொண்டு வேலை செய்வது வெறுங்கையைவிடக் கெடுதல். அட்டைப்பெட்டி, காகிதக் கட்டு நிறையக் கையாளுகிறவர்கள் அதற்கும் பருத்திக் கையுறை போடலாம், காகிதம் ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

8. அறைக் காற்று

0 டிகிரிக் குளிரில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 5 கிராம் நீராவிதான் பிடிக்கும். அதே காற்றை அறைக்குள் 22 டிகிரிக்குச் சூடாக்கினால் 19 கிராம் பிடிக்க இடம் உண்டாகும், ஆனால் உள்ளே இருப்பது அதே 5 தான். அதாவது ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு வந்துவிடும். மிச்சத்தைத் தோலிலிருந்தும் உறிஞ்சும்.

ஒரு ஈரப்பதமானி வைத்து, 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும்படி பாருங்கள். ஹியூமிடிஃபையர் வைத்தால் தண்ணீரைத் தினமும் மாற்றிக் கழுவுங்கள். 60 சதவீதத்தைத் தாண்டினால் சுவரில் பூசணம் பிடிக்கும். ஹீட்டர் முன் கையை நீட்டிக் காய்வதை மட்டும் விட்டுவிடுங்கள்.

9. எப்போது குறைப்பது, எந்த வரிசையில் குறைப்பது

இழுப்பும் எரிச்சலும் இரண்டு மூன்று நாளில் குறையும். முட்டிமேல் உள்ள மெல்லிய கோடுகள் ஒரு வாரத்தில் மறைய ஆரம்பிக்கும். ஆழமான வெடிப்புக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். எல்லாவற்றையும் விடாமல் செய்தும் இரண்டு வாரத்தில் மாற்றமே இல்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். கிரீமில் உள்ள ஏதாவது பொருளோ கையுறையோகூட ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், பொருளைத் தோலில் ஒட்டிவைத்து ஒவ்வாமை பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டில் அது தெரியவரலாம்.

கை வழவழப்பானதும் நிறுத்திவிடுவதுதான் திரும்பத் திரும்ப வெடிப்பதற்குப் பெரிய காரணம். பார்க்க ஆறிய தோல் உள்ளே இன்னும் பலவீனமாகவே இருக்கும். மேலடுக்கு முழுதாக மாறவே சுமார் இரண்டு வாரம் பிடிக்கும், அதன் காப்புத்திறன் பழைய நிலைக்கு வர அதைவிட நாளாகும். அதனால் ஒரேயடியாக விடாதீர்கள். முதலில் ஊறவைப்பதை நிறுத்துங்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, தோல் இழுக்கவில்லை என்றால் இரவுக் கையுறையை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறையுங்கள். கழுவியதும் தடவும் பகல் கிரீமைக் குளிர் விலகும்வரை தொடருங்கள். நடுவில் ஒரு நாள் முட்டி மறுபடி சிவந்தால் அன்றிரவே ஜெல்லியும் கையுறையும், மறுநாள் வெடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.